காரகல்லாவில் ஒரு பௌர்ணமி இரவு

ஓபராவில் டெனர் என்றால் பெரும்பாலும் ஒருவர்தான். ஆண் குரல்களில் மேலே சஞ்சரிக்கும் குரல் அது, கதாநாயகனுக்கு உரியது. காதலிப்பவன், ஏமாற்றப்படுபவன், கடைசி அங்கத்தில் உயிரை விடுபவன் எல்லாம் அவனே. அவனோடு சேர்ந்து பாட சொப்ரானோ குரலில் நாயகி இருப்பாள். அவனோடு மோதுவதற்குக் கொஞ்சம் கனத்த பாரிடோன் குரலில் ஒரு வில்லனோ நண்பனோ இருப்பான். இன்னொரு முதன்மை டெனருக்கு அங்கே இடமில்லை. ரொஸ்ஸீனி மட்டும் சில ஓபராக்களில் பல டெனர்களை வைத்து எழுதிப் பார்த்தார். அவருடைய 'அர்மீடா'வில் மூன்று டெனர்கள் சேர்ந்து பாடும் கட்டமே உண்டு. அது அபூர்வம். வெர்டியையும் புச்சீனியையும் பாடி வளர்ந்த ஒரு டெனர், தனக்கு நிகரான இன்னொரு டெனரோடு ஒரு முறைகூட மேடையைப் பகிர்ந்துகொள்ளாமலே வாழ்நாள் முழுவதும் பாடி ஓய்ந்துவிடலாம். இன்று இவர், நாளை அவர் என்று ஒரே பாத்திரத்தை மாறி மாறிப் பாடுவார்கள். இருவரில் யார் உசத்தி என்று ரசிகர்கள் ஓயாமல் வாதாடுவார்கள்.

1990 ஜூலை 7, சனிக்கிழமை இரவு, ரோம் நகரில் அப்படிப்பட்ட மூன்று பேர் ஒரே மேடையில் ஏறினார்கள். இத்தாலியின் மொடேனா ஊரைச் சேர்ந்த லூசியானோ பவரொட்டி, வயது 54. மாட்ரிட்டில் பிறந்து மெக்ஸிகோவில் வளர்ந்த பிளாசிடோ டொமிங்கோ, வயது 49. பார்சிலோனாவின் ஹோசே கரேராஸ், வயது 43. அவர்கள் பின்னால் இருந்த இரண்டு பெரிய இசைக்குழுக்களையும் ஒன்றாகச் சேர்த்து நடத்தியவர் பம்பாயில் பிறந்த பார்சி, சுபின் மேத்தா. மறுநாள் அதே ஊரில் உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம்.

இந்தக் கச்சேரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் இசைத்தட்டு எத்தனை கோடி விற்றது என்பதிலிருந்துதான் தொடங்குவார்கள். உலகில் மிக அதிகம் விற்ற செவ்வியல் இசைத்தட்டு என்ற பெயர் அதற்கு உண்டு. 1991இல் கிராமி விருதும் வாங்கியது. அந்தப் புகழெல்லாம் உண்மை. ஆனால் அந்த இரவை இன்றும் கேட்கவைப்பது வேறொன்று என்றே நினைக்கிறேன். தனித்தே நின்று பழகிய மூன்று குரல்கள், ஒன்று பாடும்போது மற்ற இரண்டும் காது கொடுத்துக் கேட்டன. கேட்டதற்குப் பதில் சொல்லின. அப்படி ஒரு நெருக்கம் அவர்களுக்குள் வந்ததற்குக் காரணம் ஒரு நோய்.

1987 ஜூலையில் கரேராஸ் பாரிஸில் இருந்தார். புச்சீனியின் 'லா போஎம்' ஓபராவைத் திரைப்படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவர்தான் நாயகன் ரொடோல்ஃபோ. உடம்பு சரியில்லை என்று பரிசோதித்தபோது ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. தீவிர வகை. பிழைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றார்கள் மருத்துவர்கள். அப்போது அவருக்கு நாற்பது வயது. இசைக்குழு நடத்துநர் கராயனின் விருப்பமான டெனராக சால்ஸ்பர்க்கில் பாடியவர், உலகின் எல்லாப் பெரிய ஓபரா அரங்குகளிலும் வரவேற்கப்பட்டவர், பாதிப் படப்பிடிப்பில் எழுந்து மருத்துவமனைக்குப் போனார்.

முதலில் பார்சிலோனாவில் சிகிச்சை. பிறகு அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையத்தில். வேதிச் சிகிச்சை, கதிர்வீச்சு, கடைசியில் தன் எலும்பு மஜ்ஜையையே எடுத்துச் சுத்திகரித்துத் திரும்பச் செலுத்தும் மாற்றுச் சிகிச்சை. ஒரு பாடகருக்கு இதெல்லாம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஓபரா பாடகரின் தொழில் தொண்டையில் மட்டும் இல்லை. வயிற்றுத் தசை, விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசை, உதரவிதானம் எல்லாம் சேர்ந்து மூச்சைப் பிடித்து, சிறிது சிறிதாக விட்டால்தான் ஒரு நீண்ட வரி நிற்கும். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து எடை இழந்தவருக்கு உயிர் திரும்பினாலும் அந்த மூச்சு திரும்புமா என்பது யாருக்கும் தெரியாது.

திரும்பியது. 1988 ஜூலை 21 அன்று பார்சிலோனாவின் வெற்றி வளைவுக்கு முன்னால் திறந்த வெளியில் பாடினார். ஒன்றரை லட்சம் பேர் வந்திருந்தார்கள் என்கின்றன அன்றைய பதிவுகள். அதற்கு ஒரு வாரம் முன்பு, ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்கும் உதவ ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். இன்றும் அது இயங்குகிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கரேராஸுக்கும் டொமிங்கோவுக்கும் இடையே கடும் பகை இருந்தது, ஒருவர் கட்டலோனியர், மற்றவர் மாட்ரிட்காரர், சிகிச்சைக்குப் பணமில்லாமல் கரேராஸ் தவித்தபோது டொமிங்கோ ரகசியமாக ஓர் அறக்கட்டளை தொடங்கி அவரைக் காப்பாற்றினார் என்று ஒரு கதை பல மொழிகளில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. கண்ணீர் வரவழைக்கும் கதை. உண்மை இல்லை. கரேராஸின் அறக்கட்டளையே அதை மறுத்திருக்கிறது. நடந்தது அதைவிட எளிமையானது. இரண்டு பெரிய பாடகர்கள், தங்களைவிட இளையவரான மூன்றாமவர் பிழைத்து வந்ததில் உள்ளபடியே மகிழ்ந்தார்கள். அவரை வரவேற்க ஒரு மேடையில் கூடிப் பாடச் சம்மதித்தார்கள். இதற்கு ஒப்பனை எதற்கு?

அந்த மேடையை யோசித்துக் கட்டியவர் மாரியோ டிராடி என்ற இத்தாலிய நிகழ்ச்சி அமைப்பாளர். காலமும் கூடிவந்தது. 1990இல் உலகக் கோப்பை இத்தாலியில் நடந்தது. மூவருமே கால்பந்துப் பித்தர்கள். பவரொட்டி சிறு வயதில் கோல்கீப்பராக வேண்டும் என்று கனவு கண்டவர், யுவெண்டஸ் ரசிகர். கரேராஸுக்கு பார்சிலோனா, டொமிங்கோவுக்கு ரியல் மாட்ரிட். களத்தில் ஒன்றையொன்று வீழ்த்தத் துடிக்கும் அணிகள் அவை. அந்தக் கோடையில் பவரொட்டியின் குரல் ஏற்கெனவே கால்பந்தோடு பின்னிக்கொண்டிருந்தது. பிபிசி தன் உலகக் கோப்பை ஒளிபரப்புக்கு முகப்பிசையாக அவர் பாடிய 'நெஸ்ஸுன் டோர்மா'வை எடுத்துக்கொண்டது. பிரிட்டனின் பாப் பாடல் வரிசையில் அது இரண்டாம் இடம் வரை ஏறியது. 1972இல் பதிவான பாட்டு அது. அதை நடத்தியவரும் சுபின் மேத்தாதான்.

இத்தாலியின் மனநிலையையும் சொல்ல வேண்டும். சொந்த மண்ணில் கோப்பையைத் தூக்குவோம் என்று நாடே காத்திருந்தது. ஜூலை 3 அன்று நேப்பிள்ஸில் நடந்த அரையிறுதியில் மாரடோனாவின் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்றது இத்தாலி. கச்சேரி நடந்த அதே மாலை, தெற்கே பாரி நகரில், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இங்கிலாந்தை 2-1 என்று வென்றார்கள். ஆறுதல் வெற்றி. அதே இரவில் ரோமில் இசை.

இடம், காரகல்லா குளியல் மாளிகை. கி.பி. 212க்கும் 216க்கும் இடையில் பேரரசர் காரகல்லா காலத்தில் எழுந்த பொதுக் குளியல் மண்டபங்கள் அவை. ஆறாம் நூற்றாண்டில் கோத் படைகள் ரோமை முற்றுகையிட்டு நீர்க்கால்வாய்களை வெட்டியபோது குளியல் நின்றுபோனது. எஞ்சி நிற்பவை செங்கல் சுவர்கள், வளைவுகள், வானளாவிய இரண்டு தூண்கள். 1937 முதல் ரோம் ஓபரா தன் கோடைக்கால நிகழ்ச்சிகளை இங்கேதான் நடத்திவந்தது. வெந்நீர்க் கூடம் இருந்த இடத்தில் மேடை. அன்று பௌர்ணமி. ஏறக்குறைய ஆறாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எத்தனை கோடி என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓபரா பாடகர்கள் மைக் இல்லாமல் பாடப் பயின்றவர்கள். அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டி ஒரு மனிதக் குரல் கடைசி வரிசைக்குப் போவதன் ரகசியத்தை யோஹான் சுண்ட்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் அளந்து காட்டினார். இசைக்குழுவின் ஒலி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வலுவாக இருக்கிறது. மேலே போகப் போக மெலிகிறது. தேர்ந்த ஆண் ஓபரா பாடகர் குரல்வளையைத் தாழ்த்தி, தொண்டையை விரித்துப் பாடும்போது 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு தனிச் செறிவு உண்டாகிறது. அங்கே வாத்தியங்களின் போட்டி குறைவு. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்தப் பகுதியில்தான். காரகல்லாவில் வானமே கூரை, இசைக்குழுவில் சுமார் இருநூறு பேர். மைக் இல்லாமல் முடியாது. ஆனாலும் பதிவைக் கேட்டால் அந்தச் செறிவு, அந்த ஒளிர்வு, மூன்று குரல்களிலும் அப்படியே இருக்கிறது. மைக் அதை உண்டாக்கவில்லை, எடுத்துச் சென்றது.

முதலில் பாட வந்தவர் கரேராஸ். அந்த வரிசையை அமைத்தவரைப் பாராட்ட வேண்டும். கூட்டம் யாருக்காகக் கலங்கியிருந்ததோ அவரையே முதலில் நிறுத்தினார்கள். பாடியது சிலேயாவின் 'லார்லெசியானா' ஓபராவில் ஃபெடெரிகோவின் புலம்பல். 1897இல் மிலானில் அரங்கேறியபோது அந்தப் பாத்திரத்தைப் பாடியவர் இளம் கரூசோ. காதலில் தோற்ற ஃபெடெரிகோ, கதை சொல்லிக்கொண்டே அசந்து தூங்கிப்போன ஒரு சிறுவனைப் பார்க்கிறான். தூக்கத்தில் மறதி இருக்கிறது. எனக்கும் அந்தத் தூக்கம் வாய்த்தால் போதும் என்று ஏங்குகிறான். பேச்சுபோல் தாழ்ந்த குரலில் தொடங்கி, முடிவில் உச்சத்துக்குப் போய் உடைகிற பாட்டு. கரேராஸின் குரல் நோய்க்கு முன்பு இருந்த பட்டுப் போன்ற குரல் இல்லை. மேலே கொஞ்சம் கடினப்பட்டிருந்தது. மென்மையான இடங்களில் சொல்லைச் சொல்லாக உச்சரிக்கும் நேர்மை மட்டும் கூடியிருந்தது. மறதிக்காக ஏங்கும் வரிகளைப் பாட அவரைவிடத் தகுதி பெற்றவர் அன்று ரோமில் யார்?

டொமிங்கோ வேறு வார்ப்பு. அவருடைய பெற்றோர் சர்சுவேலா பாடகர்கள். சர்சுவேலா என்பது பேச்சும் பாட்டும் கலந்த ஸ்பானிய இசை நாடகம். குடும்பம் மெக்ஸிகோவுக்குக் குடிபெயர்ந்து சொந்தக் குழு நடத்தியது. பையன் மேடைக்குப் பின்னால் வளர்ந்தான். முதலில் பாரிடோனாகத்தான் பாடினார். மெக்ஸிகோ தேசிய ஓபராவில் குரல் தேர்வுக்குப் போனபோது, உன் குரல் டெனர் என்று கேட்டவர்கள்தான் சொன்னார்கள். பிறகு டெல் அவீவில் இரண்டரை ஆண்டுகளில் 280 நிகழ்ச்சிகள் பாடித் தொழில் கற்றார். அதனால்தானோ என்னவோ அவருடைய டெனருக்கு அடியில் எப்போதும் ஒரு கருமை உண்டு. அன்று மயர்பீரின் 'லாஃப்ரிகேன்' பாட்டோடு தொடங்கினார். லெஹாரின் ஜெர்மன் பாட்டு ஒன்றைப் பாடினார். அவருடைய உச்சம் என் காதுக்கு 'லா தபெர்னேரா தெல் புவெர்தோ'விலிருந்து பாடிய பாட்டுதான். சொரொசாபல் இசையமைத்த சர்சுவேலா அது. காதலியைப் பற்றி ஊர் சொல்லும் பழியை நம்ப மறுக்கும் ஒருவனின் பாட்டு. ஸ்பெயினுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் வெளியே அதுவரை அதிகம் பேர் கேட்டிராத அப்பா அம்மாவின் கலையை, உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பவரொட்டி ரொட்டி சுடுபவரின் மகன். அப்பா ஃபெர்னாண்டோ நல்ல அமெச்சூர் டெனர். அம்மா சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1955இல் அப்பாவும் மகனும் மொடேனாவின் பாடகர் குழுவோடு வேல்ஸ் நாட்டின் லாங்கோலன் இசை விழாவுக்குப் போய் முதல் பரிசு வென்றார்கள். இளைஞன் பாட்டையே தொழிலாக எடுக்கத் துணிந்தது அதற்குப் பிறகுதான். சில காலம் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1961இல் ரெஜியோ எமிலியாவில் 'லா போஎம்' நாயகனாக அரங்கேற்றம். அவர் குரலில் புகையே கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரித் தெரியும். இத்தாலிய மொழியை அறியாதவருக்கும் எங்கே உயிரெழுத்து நீள்கிறது, எங்கே மெய்யெழுத்து வரியை அறுக்கிறது என்று புரியும்.

நிகழ்ச்சி நிரலில் நான் மிகவும் ரசிப்பது 'டோஸ்கா'வை அவர்கள் பங்கிட்டுக்கொண்ட விதம். புச்சீனியின் அந்த ஓபரா முழுக்க ரோமில் நடப்பது. 1900 ஜனவரியில் ரோமின் கோஸ்தான்சி அரங்கில்தான் முதலில் மேடையேறியது. அந்த அரங்கம்தான் இன்றைய ரோம் ஓபரா. அதன் இசைக்குழு அன்று காரகல்லாவில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று மேத்தா பொறுப்பேற்றிருந்த, ஃப்ளோரன்ஸ் நகரின் மாஜியோ மூசிகாலே குழு. நாயகன் கவரடோஸ்ஸி ஓர் ஓவியன். முதல் அங்கத்தில் தேவாலயத்தில் ஓவியம் தீட்டியபடி தன் காதலியின் அழகை வியந்து பாடுகிறான். மூன்றாம் அங்கத்தில், விடிந்தால் சுட்டுக் கொல்லப்படப் போகிறான் என்ற நிலையில், கோட்டை மதில்மேல் நட்சத்திரங்களைப் பார்த்து அவளை நினைத்து அழுகிறான். முதல் பாட்டை பவரொட்டி பாடினார், கடைசிப் பாட்டை டொமிங்கோ. ஒரே மனிதனின் காலையை ஒருவரும் கடைசி இரவை மற்றவரும் ஏந்திக்கொண்டார்கள். ஓபரா அரங்கில் இதைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. ஆனால் குரல்களைக் கேட்டால் எவ்வளவு பொருத்தம்! இன்னும் எதையும் இழக்காதவனின் குரல் பவரொட்டியுடையது. எல்லாவற்றையும் இழக்கப்போகிறவனின் பாரம் டொமிங்கோவிடம் இருந்தது.

நடுவே கரேராஸ் நேப்பிள்ஸ் பாட்டான 'கோரெ ங்கிராத்தோ'வையும், மெக்ஸிகோவின் அகுஸ்தின் லாரா எழுதிய 'கிரனாடா'வையும் பாடினார். 'ஆந்திரேயா ஷெனியே'யில் வரும் புரட்சிக் கவிஞனின் நீண்ட பாட்டையும் எடுத்துக்கொண்டார். மூன்று வருடத்துக்கு முன்பு பத்தில் ஒன்று என்று கணக்குச் சொல்லப்பட்டவர், ஓபராவில் டெனர்களே தயங்கும் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு அதன் உச்சிகளை ஒவ்வொன்றாக ஏறினார். பாதுகாப்பாகப் பாட அவர் வரவில்லை. சில ஸ்வரங்களில் உழைப்பு தெரியும். அந்த உழைப்பை மறைக்காமல் பாடியதுதான் எனக்குப் பிடித்தது.

தனிப் பாட்டுகளின் வரிசையில் கடைசியாக 'நெஸ்ஸுன் டோர்மா'. யாரும் தூங்கக்கூடாது என்று பொருள். புச்சீனி 1924 நவம்பரில் தொண்டைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் போன பிரஸ்ஸல்ஸில் இறந்தார். 'டூரண்டோட்' முடியாமல் நின்றது. ஃபிராங்கோ அல்ஃபானோ குறிப்புகளைக் கொண்டு முடித்துவைத்தார். 1926 ஏப்ரலில் மிலானின் ஸ்காலா அரங்கில் முதல் நாள் நடத்திய தொஸ்கானீனி, புச்சீனி எழுதிய கடைசி இடத்தோடு நிறுத்திவிட்டு இறங்கினார். கதை இது: பெயர் தெரியாத இளவரசன் விடுகதைகளுக்கு விடை சொல்லி இளவரசியை வென்றுவிடுகிறான். அவள் மறுக்கிறாள். விடிவதற்குள் என் பெயரைக் கண்டுபிடி, கண்டுபிடித்தால் என் உயிர் உனக்கு என்கிறான். பெயர் தெரியும்வரை நகரில் யாரும் தூங்கக்கூடாது என்று கட்டளை பிறக்கிறது. எல்லோரும் நடுங்க, அவன் மட்டும் விடியலுக்குக் காத்திருக்கிறான். மூன்று நிமிடப் பாட்டு. மெல்ல, ஏறக்குறைய தனக்குத்தானே பேசுவதுபோல் தொடங்கும். வெல்வேன் என்ற ஒரே சொல்லை மும்முறை சொல்லி முடியும். புச்சீனியின் தாளில் அந்த மேல் ஸ்வரத்துக்குக் கார்வை இல்லை. தொட்டு இறங்கும்படிதான் எழுதியிருக்கிறார். டெனர்கள் காலப்போக்கில் அங்கே நிற்கத் தொடங்கினார்கள். பவரொட்டி நின்ற விதத்தில் இன்று உலகத்துக்கே அதுதான் பாட்டின் உருவம்.

நிரலை இப்படி யோசித்து அடுக்கினார்களா, தானாக அமைந்ததா? முதல் பாட்டு தூக்கம் வராதவனின் ஏக்கம். தனிப் பாட்டுகளின் முடிவு தூங்க மறுப்பவனின் நம்பிக்கை. மரணத்தின் பக்கத்தில் படுத்திருந்து எழுந்தவர் ஒன்றைப் பாட, மற்றதை அவருடைய நண்பர் பாடினார்.

பிறகு மூவரும் சேர்ந்து நின்றார்கள். இங்கேதான் பழைய சிக்கல்: மூன்று டெனர்கள் சேர்ந்து பாட அநேகமாகப் பாட்டுகளே கிடையாது. அதனால் லாலோ ஷிஃப்ரினிடம் சொல்லி ஒரு தொகுப்பு எழுதச் செய்திருந்தார்கள். 'மிஷன் இம்பாசிபிள்' இசையைத் தந்த அதே அர்ஜென்டினாக்காரர். நேப்பிள்ஸ் பாட்டு, மெக்ஸிகோ பாட்டு, ரஷ்யப் பாட்டு, வியன்னா பாட்டு, பாரிஸ் பாட்டு, பிராட்வே பாட்டு எல்லாவற்றையும் தொடுத்து இருபது நிமிடம் போல வரும். நம் கச்சேரியில் பல்லவி முடிந்து துக்கடாக்கள் தொடங்கியதும் வித்வானும் சபையும் ஒரு சேர இளகுமே, அதே இளக்கம். சில பாட்டுகள் இந்தக் குரல்களுக்குப் பொருந்தவில்லை. ஆங்கிலப் பாட்டுகளில் மூவருமே அந்நியர்கள்தான். யாரும் பொருட்படுத்தவில்லை.

'ஓ சோலே மியோ'வில் நடந்ததைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஒருவர் வரியை எடுக்க, அடுத்தவர் வாங்க, பவரொட்டி ஒரு ஸ்வரத்தில் நின்று, பிர்காவுமில்லாமல் கமகமுமில்லாமல், வேண்டுமென்றே குரலை நீளமாக உருட்டினார். முகத்தில் குறும்பு. டொமிங்கோவும் கரேராஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முறை வந்ததும் இருவரும் சேர்ந்து அதே உருட்டலை அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கூட்டம் கூவியது. மேத்தா சிரித்தபடியே நடத்தினார். இதை வேடிக்கை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த இரவைப் பாதிதான் பார்த்திருப்போம். ஓபரா உலகில் ஒரு டெனர் மற்றவருடைய பாணியை எடுத்துக் காட்டினால் அதற்குக் கேலி என்று பெயர். இங்கே அதே செயல் அன்பாக வந்தது. கேட்டேன், நீ செய்ததை நான் கூர்ந்து கேட்டேன் என்று சொல்லும் பதில் அது. கடைசியாக 'நெஸ்ஸுன் டோர்மா'வையே மூவரும் வரிவரியாகப் பங்கிட்டு, முடிவு ஸ்வரத்தை ஒன்றாகப் பிடித்தார்கள். இளவரசன் தனியாகச் சொல்லும் வெல்வேன், மூன்று வாயிலிருந்து வந்தது.

மறுநாள் மேற்கு ஜெர்மனி அர்ஜென்டினாவை 1-0 என்று வென்றது. 85ஆவது நிமிடத்தில் பிரேமே அடித்த பெனால்டி. ஆட்டம் வறண்ட ஆட்டம். அந்த வார இறுதியின் நினைவாக நிலைத்தது முந்தைய இரவுதான்.

அதன்பின் வந்ததைப் பற்றி எனக்கு உற்சாகமில்லை. டெக்கா நிறுவனம் வெளியிட்ட பதிவு எதிர்பாராத அளவுக்கு விற்றது. பாடகர்கள் ராயல்டி இல்லாமல் ஒரு நிலையான தொகைக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1994இல் லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் விளையாட்டரங்கில், மீண்டும் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு, 56,000 பேர் முன் பாடினார்கள். 1998இல் பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தடியில், 2002இல் யோகோஹாமாவில் என்று உலகக் கோப்பைதோறும் வழக்கமானது. நடுவில் உலகச் சுற்றுப்பயணங்கள். கடைசிக் கச்சேரி 2003 செப்டம்பரில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில். இசையை வணிகமாக்கிவிட்டார்கள், அரங்கக் கலையை விளையாட்டு மைதானத்துக்கு இழுத்துவந்துவிட்டார்கள் என்று விமர்சகர்கள் சாடினார்கள். பிந்தைய கச்சேரிகளைப் பற்றி அது பெரும்பாலும் சரி. ஒருமுறை தன்னியல்பாக நடந்த சிரிப்பை ஒவ்வொரு ஊரிலும் திரும்ப நடத்த முடியாது. ஆனால் முதல் இரவின் மேல் அந்தக் குற்றச்சாட்டைப் போடுவது நியாயமில்லை. அன்று யாருக்கும் இது ஒரு சூத்திரமாகப் போகிறது என்று தெரியாது.

கரேராஸும் மேத்தாவும் டாட்ஜர் அரங்குக்குப் போவதற்கு நான்கே வாரம் முன்பு வேறோர் இடத்தில் சேர்ந்திருந்தார்கள். 1994 ஜூன் 19, முற்றுகைக்குள் இருந்த சராயேவோ. 1992 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்து லட்சக்கணக்கான நூல்களை இழந்த தேசிய நூலகத்தின் கருகிய சுவர்களுக்கு நடுவே, அந்த நகரத்தின் சொந்த இசைக்குழுவோடும் பாடகர் குழுவோடும் மொட்சார்ட்டின் 'ரெக்வியம்' நிகழ்ந்தது. கரேராஸோடு ருஜ்ஜேரோ ரைமோண்டி, சிசிலியா கஸ்டியா, இல்டிகோ கொம்லோஷி பாடினார்கள். மைதானக் கச்சேரிகளை வைத்து இவர்களை எடைபோடுகிறவர்கள் இந்தப் பதிவையும் தேடிக் கேட்க வேண்டும்.

மேத்தாவுக்கு நம் பக்கத்தோடும் தொடர்பு உண்டு. அவருடைய தந்தை மெஹ்லி மேத்தா பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கியவர். மகன் நியூயார்க் பில்ஹார்மனிக்கின் பொறுப்பில் இருந்தபோது, வயலின் மேதை எல். சுப்ரமணியத்தின் வேத கோஷங்களை அடிப்படையாகக் கொண்ட படைப்பை 1985இல் அங்கே நடத்தினார். சுனாமியின் முதல் நினைவு நாளான 2005 டிசம்பர் 26 அன்று பவேரிய அரசு இசைக்குழுவோடு சென்னை மியூசிக் அகாடமிக்கே வந்தார். காரகல்லாவில் மூன்று மூச்சுகளுக்கும் ஈடுகொடுத்து, ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தில் நின்று, கிளம்பும் கணத்தில் கிளம்பிய கை அவருடையது. பாடகரின் கார்வை எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே தெரியாது. இருநூறு பேரை அந்தரத்தில் நிறுத்திவைத்து, மூச்சு முடியும் புள்ளியில் இறக்க வேண்டும். மூவருக்கும் மூச்சு வேறு வேறு. டொமிங்கோ நேராகப் போவார், பவரொட்டி சாய்ந்து நிற்பார், கரேராஸ் சட்டென்று இழுப்பார். பதிவில் எந்த இடத்திலும் வாத்தியங்கள் குரலுக்கு முந்தவில்லை, பிந்தவில்லை.

பவரொட்டி கடைசியாக ஒரு பெரிய மேடையில் தோன்றியது 2006இல் டூரின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில். பாடியது அதே 'நெஸ்ஸுன் டோர்மா'. உடல்நிலை காரணமாக முன்பே பதிவு செய்துவைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று கணையப் புற்றுநோயில் இறந்தார். டொமிங்கோ பிற்காலத்தில் பாரிடோன் பாத்திரங்களுக்குத் திரும்பினார். 2019இல் பல பெண்கள் அவர்மீது பாலியல் தொல்லைப் புகார் கூறினார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவிலிருந்து அவர் விலக நேர்ந்தது. அந்தக் குரலை விரும்பியவர்களுக்கு அதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை, கடந்துபோகவும் கூடாது. பத்தில் ஒன்று என்று சொல்லப்பட்ட கரேராஸின் அறக்கட்டளை மஜ்ஜை கொடையாளர்களைச் சேர்க்கும் வேலையை ஸ்பெயினில் தொடர்ந்து நடத்திவருகிறது.

இதுவரை இந்தக் கச்சேரியைக் கேட்காதவர்கள், எங்கும் கிடைக்கும் 'நெஸ்ஸுன் டோர்மா' துண்டிலிருந்து தொடங்காதீர்கள். அது ஏற்கெனவே உங்கள் காதில் விழுந்திருக்கும். முதலில் இருந்து, கரேராஸின் புலம்பலில் இருந்து, ஒரே அமர்வில் கேளுங்கள். மூன்று பாட்டு முடிவதற்குள், பெயரைப் பார்க்காமலே யார் பாடுகிறார் என்று குரலை வைத்துச் சொல்லிவிடுவீர்கள். அதற்குப் பிறகு மூவரும் ஒன்றாகப் பாடும் இடம் வரும்போது, ஒவ்வொரு குரலும் மற்றவருக்காக எங்கே கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறது என்று கவனியுங்கள்.